எள் செடி இல்லாத எண்ணெய்க் கூடம்

நிறுவனங்களுக்குப் பார்வையாளர் மையம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். தொழிற்சாலை வாசலையொட்டி ஒரு கூடம் இருக்கும். பள்ளிப் பிள்ளைகள், டீலர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் என்று பலரும் வந்து நிறுவனத்தின் கதையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போதெல்லாம் முதல் கூட்டத்திலேயே அநேகமாக எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "உள்ள நுழைஞ்சதும் காட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கணும் சார்."

அந்த ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாளெல்லாம் கான்கிரீட்டுக்குள் கிடப்பவர்களுக்குப் பச்சை வேண்டியிருக்கிறது. ஆனால் எந்தக் காடு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. கடைசியில் சுவரில் பிளாஸ்டிக் கொடி, மூலையில் மோட்டார் அருவி, ஸ்பீக்கரில் குயில் சத்தம் என்று முடியும். ஒரு நல்லெண்ணெய் நிறுவனத்தின் கூடத்துக்குப் போயிருந்தேன். கூரை முழுக்கச் செயற்கை இலைகள். தேடிப் பார்த்தேன், ஓர் எள் செடிகூட இல்லை. அந்த நிறுவனத்துக்குச் சோறு போடும் செடியைப் பார்க்காமலேயே பிள்ளைகள் வரிசையாக வெளியே போனார்கள். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

இந்த மாதிரி நேரங்களில் நான் நினைத்துக்கொள்ளும் ஊர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ரசீன். எஸ்.சி. ஜான்சன் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. தரைக்குப் போடும் மெழுகை விற்று வளர்ந்த குடும்ப நிறுவனம் அது. அந்த மெழுகுக்கு ஆதாரம், பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கர்னௌபா பனை. விசிறியாக விரியும் ஓலை கொண்டது. நம் பனைக்குத் தூரத்துச் சொந்தம். வறண்ட வெயிலில் ஈரம் போய்விடாமலிருக்க அந்த மரம் தன் ஓலைமேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. ஓலையை வெட்டிக் காயவைத்து அடித்தால் மெழுகு பொடியாக உதிரும். அதை உருக்கி எடுப்பதுதான் கர்னௌபா மெழுகு. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும் அளவுக்குக் கெட்டி.

1935-இல், குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையைச் சேர்ந்த எச். எஃப். ஜான்சன் ஜூனியர், நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் அந்தப் பனையைத் தேடிப் போனார். போக வர சுமார் 24,000 கிலோமீட்டர். தன் தொழில் நம்பியிருக்கும் மரம் எப்படி வளர்கிறது, எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்று ஒரு முதலாளி நேரிலேயே பார்க்கப் போனது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மறு வருடமே அவர் புதிய அலுவலகம் கட்டக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டை அமர்த்தினார்.

1939-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் பெரிய பணிக்கூடத்தில் ஒரு தூணை மட்டும் பார்ப்போம். அடியில் அதன் விட்டம் 9 அங்குலம்தான். மேலே போகப் போகப் பருத்து, உச்சியில் சுமார் 18 அடி அகல வட்டத் தட்டாக விரிகிறது. குளத்துக்கு அடியிலிருந்து அல்லி இலைகளை அண்ணாந்து பார்ப்பது போல இருக்கும். தட்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பைரெக்ஸ் கண்ணாடிக் குழாய்கள் வழியாக வெளிச்சம் இறங்குகிறது. இவ்வளவு ஒல்லியான தூண் நிற்குமா என்று அதிகாரிகளுக்குச் சந்தேகம். 1937-இல் ஒரு தூணை மட்டும் தனியாக வார்த்து, அதன் தலையில் மணலையும் இரும்பையும் ஏற்றிப் பார்த்தார்கள். தாங்க வேண்டியது 12 டன். 60 டன் வரை தாங்கியது. உள்ளே இருந்த எஃகு வலையும் கான்கிரீட்டும் சேர்ந்து சுமையை வாங்கிக்கொண்டன.

அந்தத் தூணில் ஓர் இலைகூடச் செதுக்கப்படவில்லை. ஒல்லியான தண்டு எப்படி அகலமான தலையைச் சுமக்கிறது என்பதைத்தான் ரைட் செடியிடமிருந்து எடுத்துக்கொண்டார். இயற்கையைப் பார்த்து வடிவமைப்பது என்றால் எனக்கு இதுதான். அந்தக் கூரையில் மழைத் தண்ணீர் ஒழுகியதும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். வெளிச்சத்துக்கு வழி விட்டவர் மழைக்கும் கணக்குப் போட்டாக வேண்டும் என்பது எங்கள் தொழிலுக்கு அது தந்த பாடம்.

1998-இல் ஜான்சனின் மகன் சாம், தன் இரண்டு பிள்ளைகளோடு அப்பா போன வழியிலேயே, அதே மாதிரி செய்த விமானத்தில் பிரேசிலுக்குப் போய்வந்தார். 2010-இல் ஃபாஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ் வடிவமைப்பில் 'ஃபோர்ட்டலேசா ஹால்' என்ற கண்ணாடிக் கூடம் அதே வளாகத்தில் எழுந்தது. ஃபோர்ட்டலேசா, பனையைத் தேடிப் போனவர்கள் சென்று சேர்ந்த ஊர். சாம் போய்வந்த அந்த விமானம் இப்போது கூடத்தின் நடுவே தொங்குகிறது. அண்ணாந்து பார்க்கும் குழந்தை, இது எங்கே போச்சு என்று கேட்காமல் இருக்காது. பதில் சொல்லப் போனால் ஒரு பனையைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். நிறுவனத்தின் கதையை அதன் மரத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதபடி அந்தக் கூடத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

உயிருள்ள செடியைக் கொண்டுவந்தால் அதோடு பொறுப்பும் வரும். சியாட்டிலில் அமேசான் நிறுவனம் 2018-இல் திறந்த கண்ணாடிக் கோளங்களுக்குள் சுமார் 40,000 செடிகள் இருக்கின்றன. பெரும்பாலும் குளிர்ந்த மலைக்காட்டுச் செடிகள். பகலில் ஊழியர்களுக்கு ஏற்ற 22 டிகிரி. ராத்திரியில் செடிகளுக்காகக் குளிரையும் காற்றின் ஈரத்தையும் கூட்டுகிறார்கள். கட்டடத்தின் பகல் மனிதர்களுக்கு, இரவு செடிகளுக்கு. நம் ஊரில் பச்சைச் சுவர் வைப்பவர்கள் திறப்பு விழா வரைதான் கணக்குப் போடுகிறார்கள். போர் தண்ணீரின் உப்பு சொட்டுநீர்க் குழாயின் வாயை அடைத்துவிடும். செடி மேலிருந்து காய ஆரம்பிக்கும். அப்புறம் பிளாஸ்டிக் வரும். அதனால், தோட்டக்காரருக்கு மாதச் சம்பளம் ஒதுக்காத திட்டத்தில் உயிர்ச்செடி வரைய நான் சம்மதிப்பதில்லை.

அந்த நல்லெண்ணெய்க் கூடத்தை என்னிடம் கொடுத்தால் என்ன செய்வேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வாசலிலேயே ஒரு பாத்தி எள் விதைப்பேன். அறுத்த செடிகளைக் கட்டாகக் கட்டி நிமிர்த்தி வைத்துக் காயவிடுவார்கள். காய்ந்தால் காய்கள் நுனியில் வெடித்து வாய் திறக்கும், ஆனால் எள் உள்ளேயே இருக்கும். கட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் விரிப்பில் சடசடவென்று கொட்டும். அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே எழுப்பிப் பார்க்கட்டும். பக்கத்தில் வாகைமரச் செக்கு ஒன்று. செக்கிலிருந்து எடுத்த பிண்ணாக்கை மோந்து பார்க்க ஒரு தட்டு. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஆழமான தாழ்வாரம். இதற்கெல்லாம் மோட்டார் அருவிக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

நிறுவனங்கள் இதற்குத் தயங்குவதன் காரணம் பணம் இல்லை. செடியைக் காட்டினால் அதை விளைவித்தவரையும் காட்ட வேண்டிவரும். அவருக்கு மூட்டைக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள், கழிவு எங்கே போகிறது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பிளாஸ்டிக் இலையிடம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் அது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது. உங்கள் பொருள் எந்த மண்ணில், எந்தச் செடியில், யார் உழைப்பில் விளைகிறது என்று நான் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடுகிறேன். அதற்கு நேராகப் பதில் சொல்லத் துணிந்த நிறுவனத்தின் கூடத்தைத்தான் இயற்கையைச் சார்ந்த கூடம் என்று ஒப்புக்கொள்வேன், அதன் சுவரில் ஒரு கொடிகூட இல்லாவிட்டாலும்.