அலுமினியப் பற்று

யான் நம் கல்லூரியில் பௌதிகம் பயின்ற நாட்களில், ஸேர்ல் என்பாரின் கருவியைக் கொண்டு செம்புத் தண்டொன்றின் வெப்பங்கடத்தும் ஆற்றலை அளந்தறியும் சோதனையை மும்முறை செய்து, மும்முறையும் பிழையான விடையே பெற்றேன். நான்காம் முறை ஆசிரியர் அருகில் நின்று பார்த்தார், விடை சரியாயிற்று. அக்குறிப்பேட்டின் ஓரத்தில், வேறு வேலையின்மையால், அட்டவணையினின்று எஃகு, அலுமினியம் முதலியவற்றின் எண்களையும் எழுதி வைத்தேன். அவை என்றேனும் பயன்படும் என்று எவரேனும் அன்று கூறியிருப்பின் நகைத்திருப்பேன். பல்லாண்டுகள் கழிந்து, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில், ஓர் அம்மையாரின் வீட்டு முற்றத்தில் நின்ற வண்டியின் அடியில் மல்லாந்து கிடந்தபோது அவ்வெண்கள் என் நினைவுக்கு வந்தன. அவ்வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடுகள் அந்நாட்டில் மிகுதி. அவற்றை டிரெய்லர் என்பர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அவற்றுள் அடங்கும். அலுமினியத்தால் அமைந்தவற்றிற்குத் தனிப் பெருமை உண்டு. 1927-இல் லிண்ட்பர்க் அட்லாண்டிக் கடலைத் தனியே கடந்த விமானத்தின் கட்டுமானத்தை மேற்பார்த்த ஹாலி பௌலஸ் என்பார், 1934-இல் விமானஞ் செய்யும் முறையைத் தழுவி இத்தகைய வண்டியொன்றைச் செய்தார். 1936-இல் வாலி பையம் என்பாரின் ஏர்ஸ்ட்ரீம் வண்டி வெளிவந்தது. இவற்றின் தகடுகள் ரிவெட் ஆணிகளால் இணைக்கப்பட்டவை. அலுமினியத்தை உருக்கி ஒட்டுவது அக்காலத்தில் அரிய செயலாயிருந்தது. 1941-இல் நார்த்ராப் விமானத் தொழிற்சாலையில் ரஸ்ஸல் மெரெடித் என்பார் டங்ஸ்டன் முனையும் ஹீலியம் வாயுவும் கொண்டு மக்னீசியத்தைப் பற்றவைக்கும் வழி கண்டார். 1948-இல் ஓஹாயோவிலுள்ள பாட்டெல் ஆராய்ச்சி நிலையத்தில், கம்பியை இடைவிடாது ஊட்டிப் பற்றவைக்கும் முறை அலுமினியத்தின் பொருட்டு உருவாயிற்று. வண்டியின் அடிச்சட்டம் முழுவதையும் அலுமினியக் குழாய்களால் பற்றவைத்துச் செய்தல் இவற்றிற்குப் பின்னரே இயல்வதாயிற்று.

யான் விலைபேசிய வண்டி அவ்வாறு அமைந்ததே. அதனை ஆசையுடன் வாங்கிய கணவர் காலஞ்சென்றமையால் அம்மையார் விற்க முன்வந்தார். என் மனைவிக்கும் மக்கள் இருவர்க்கும் அது மிகவும் பிடித்துவிட்டது. இளையவன் மேற்படுக்கை தனக்கே என்று ஏறிப் படுத்துங்கொண்டான். யான் முன்பணமும் கொடுத்துவிட்டேன். கொடுத்த பின்னரே வண்டியின் அடியைப் பார்க்கத் தோன்றியது என் அறிவுடைமைக்குச் சான்று.

இழுக்கும் வண்டியோடு பூட்டுதற்கு முன்னே நீண்டிருக்கும் தண்டுகள் இரண்டும் அடிச்சட்டத்தைச் சேரும் இடத்தில், பக்கத்திற்கொன்றாகப் பற்றவைப்புகள் இருந்தன. சாலையின் ஒவ்வொரு குலுக்கமும் அவ்விடத்தை வளைத்து நிமிர்த்தும். வலப்பக்கத்துப் பற்றவைப்பு அகன்றும் சற்றுக் கோணியும் இருமருங்கும் கரி படிந்தும் காணப்பட்டது. இடப்பக்கத்ததோ, சில்லறைக் காசுகளைச் சரித்து அடுக்கினாற்போல வரிவரியாக ஒளிர்ந்தது. சில ஆண்டுகட்கு முன் ஒரு பட்டறையில் அப்பக்கத்தைச் செப்பம் செய்ததாக அம்மையார் கூறினார். வலப்பக்கம் தீது, இடப்பக்கம் நன்று என்று யான் ஐயமின்றித் தீர்ப்புச் செய்தேன். வலப்பக்கத்தைச் சுட்டி விலையைச் சிறிது குறைக்கவும் எண்ணினேன் என்பதை மறைப்பானேன்?

எங்கள் திருச்சபையில் நாற்பதாண்டுகள் பற்றவைப்புத் தொழில் செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உளர். என் தீர்ப்புக்கு அவர் வாயினின்று ஒரு 'ஆம்' பெறவே அவரை அழைத்துச் சென்றேன். அவர் முதலில் வலப்பக்கத்துக் கரியைக் கட்டைவிரலால் துடைத்தார். அது எளிதில் போயிற்று. "இது மக்னீசியம் கலந்த கம்பி விடும் புகை. துடைத்தால் போவது குற்றமன்று. துடைத்தும் போகாமல் ஊறிக்கிடந்தால் காப்பு வாயு சரியாகச் சூழவில்லை என்று ஐயுற வேண்டும்," என்றார். பின்னர் நடுப்பகுதியைப் பாராது, பற்றவைப்பு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் விளக்கொளியில் நெடுநேரம் நோக்கினார்.

காரணம் வினவினேன். அவர் கூறிய விடையில்தான் என் குறிப்பேட்டு எண்கள் மீண்டும் எதிர்ப்பட்டன. இச்சட்டங்கட்கு ஆகும் அலுமினியக் கலவை எஃகினும் ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்திவிடும். ஆதலின் தொழிலாளி தொடங்கும் இடத்தில், கம்பி உருகினும், கீழேயுள்ள உலோகம் இன்னும் குளிர்ந்தே இருக்கலாம். உருகிய குழம்பு அதன்மேல் தாமரையிலைத் தண்ணீர்போல் ஒட்டாது உட்காரும். மேலும் அலுமினியத்தின்மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்ஸைடு தோல் உண்டு. உலோகம் 660 பாகையில் உருகும். அத்தோல் உருகுதற்கு 2,000 பாகைக்கும் மேற்பட்ட உஷ்ணம் வேண்டும். துருப்பிடியா எஃகுத் தூரிகையால் அதனைத் தேய்த்து நீக்காதவன், தோலின்மேல் தோல் வைத்து ஒட்டியவனாவான். எண்ணெயோ ஈரமோ இருப்பின் அதிலுள்ள ஹைட்ரஜன் உருகிய உலோகத்திற் கரைந்து, உறையும்போது வெளியேற முயன்று, ஆப்பத்தின் கண்கள்போலத் துளைகளை விட்டுச் செல்லும். முடிவிடத்தில் குழியை நிரப்பாது கையை எடுத்துவிட்டால், சுருங்கும் உலோகம் அக்குழியில் நட்சத்திரம்போல் வெடிக்கும். எஃகைப்போல் சிவந்து காட்டி எச்சரிக்கும் குணமும் இதற்கு இல்லை; உருகும்வரை நிறம் மாறாது. நம் பொற்கொல்லர் வைக்கும் பற்றாசு இரு துண்டுகளுக்கிடையே நின்று பிடிக்கும்; இங்கோ இரண்டும் உருகி ஒன்றாதல் வேண்டும்.

"காசு அடுக்கியதுபோன்ற வரி, கை அசையாமல் சீராகச் சென்றது என்று மட்டுமே சொல்லும்," என்று கூறிப் பெரியவர் தம் பையினின்று மூன்று குப்பிகளை எடுத்தார். அலுமினியத்தைக் காந்தம் பற்றாதாகையால், எஃகில் வெடிப்பறியப் பயன்படும் காந்தத்தூள் முறை இங்கு உதவாது, சாயமே உதவும். இரு பக்கங்களையும் நன்கு துடைத்துச் சிவப்புச் சாயம் தடவினார். கால்மணி நேரம் நாங்கள் புல்லின்மேல் அமர்ந்து அம்மையார் அளித்த காபியை அருந்தினோம். பின்னர்ச் சாயத்தைத் துடைத்து நீக்கி, வெண்பொடியைத் தூவினார். வலப்பக்கம் வெண்மையாகவே நின்றது. இடப்பக்கத்திலோ, அவ்வழகிய வரியின் அடியோரத்தில், மயிரிழைபோன்ற செங்கோடு ஒன்று மெல்ல எழுந்து, யான் பார்த்துக்கொண்டிருக்கவே சுண்டுவிரல் நீளம் வளர்ந்தது. பழைய வெடிப்பைக் குடைந்து நீக்காமல் அதன்மேலேயே பற்றவைத்து மூடியிருக்கின்றனர். மூடப்பட்ட வெடிப்பு மீண்டும் வெளிவந்துவிட்டது. மேலும் அப்பற்றவைப்பைத் தண்டின் அடிமுகத்திற்குக் குறுக்கே ஓட்டியிருந்தனர். பதப்படுத்திய அலுமினியம் பற்றவைப்பின் சூட்டில் தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். இழுவிசை மிக்க முகத்திற்குக் குறுக்கே அவ்வாறு மென்மையாக்குதல் தகாது என்றார் பெரியவர்.

இனி என் செய்வது? முன்பணத்தை விட்டுவிட்டு, மனம் மாறிற்று என்று கூறிப் போய்விடுதல் எளிது. வெண்பொடியைத் துடைத்தால் வரி முன்போலவே ஒளிரும்; அடுத்து வருபவன் என்னைப்போலவே அதனை மெச்சுவான்; அவன் மக்களும் பின்னிருக்கையில் இருப்பர். காலஞ்சென்ற கணவரின் பேரன்புக்குரிய பொருளைக் குறைகூறுதலோ எனக்கு நாணமாயிருந்தது. அதுவும் முன்னர் வலப்பக்கத்தைப் பழித்த வாயால்! பெரியவர் ஒன்றும் கூறாது குப்பிகளைப் பையிலிட்டார். யான் சென்று அம்மையாரை அழைத்தேன்.

எழுபதைக் கடந்த அவர், நாங்கள் தடுக்கவும் கேளாது, முழந்தாளிட்டுக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பேசவில்லை. "சென்ற கோடையில் இதனை என் மகன் மலைநாட்டிற்கு இழுத்துச் சென்றான், பேரப்பிள்ளைகள் மூவரும் உடனிருந்தனர்," என்றார். பின்னர், எழுந்து நிற்க என் கையைப் பிடித்துக்கொண்டு, வலப்பக்கம் எப்படி என்று வினவினார். நன்று என்றோம். "அது வாங்கியபோது இருந்தபடியே இருப்பது, அவர் அதனை அவலட்சணம் என்பார்," என்று கூறி முதன்முறையாகச் சிரித்தார்.

விலையில் ஒரு பகுதியைக் கழித்து, செப்பனிடுஞ் செலவு என்னுடையதாயிற்று. பெரியவர் மின்கலத்தின் கம்பிகளைக் கழற்றி, வெடிப்பை முற்றும் குடைந்தெடுத்து, மீண்டும் சாயமிட்டு அது ஒழிந்தமையை உறுதிசெய்த பின்னரே பற்றவைத்தார். வலிமை குறையும் இடத்திற்குத் துணையாகத் தண்டின் பக்கவாட்டில் தடித்த தகடொன்றை வைத்து, நெடுக்காக மட்டும் ஓட்டினார். முதுமையால் அவர் கை சற்று நடுங்கும். ஆதலின் வரி கோணலாகவே அமைந்தது. ஒவ்வோர் இளவேனிலிலும், பயணம் புறப்படுமுன், யான் மூன்று குப்பிகளுடன் வண்டியின் அடியிற் புகுகின்றேன். சென்ற ஆண்டு முதல் விளக்குப் பிடிக்கும் பணி இளையவனுடையது.