பொய்ம்மீன்

மீனைப் பிடிக்க வலையுண்டு, பறியுண்டு, தூண்டிலுண்டு. இவற்றுள் வலையும் பறியும் மீன் செல்லும் வழியை மறிப்பவை. தூண்டில் ஒன்றே மீனின் விருப்பத்தை அறிந்து அதனைத் தன்பால் அழைப்பது. வழி மறிப்பவனுக்கு வலிமை போதும். அழைப்பவனுக்கோ அழைக்கப்படும் உயிரின் இயல்பு தெரிந்திருத்தல் வேண்டும். தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து எறிதல் எளிது. ஒரு மரத்துண்டைச் செதுக்கி, அதனை உயிருள்ள மீன் என்று மற்றொரு மீன் நம்புமாறு செய்தலோ அரிது. அவ்வரிய தொழிலில் கைவரப்பெற்றுத் தம் குடும்பத்தின் வறுமையை ஓட்டிய ஓர் எளிய மீனவரின் வரலாறு மாணாக்கர் அறியத்தக்கதாகும்.

பொய்யிரை காட்டி மீன் பிடிக்கும் முறை நேற்றுத் தோன்றியதன்று. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஈலியன் என்னும் உரோமானிய அறிஞர், மாசிடோனியா நாட்டு ஆறு ஒன்றில் மக்கள் மீன் பிடித்த வகையை எழுதிவைத்துள்ளார். அவர்கள் தூண்டில் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டினைச் சேர்த்துக் கட்டி, அதனை ஈயைப்போல நீர்மேல் தவழவிட்டனராம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துத் தேனீ வளர்ப்பாளரான ஜேம்ஸ் ஹெடன் என்பவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரத்தால் தவளைகள் செதுக்கினார். ஒருநாள் அவர் பொழுதுபோக்காகச் சீவிய மரச்சிம்பு ஒன்றை ஆலைக்குளத்தில் எறிய, பெருமீன் ஒன்று பாய்ந்து அதனைக் கவ்விற்று என்றும், அதுவே அவருடைய முயற்சிக்கு வித்தாயிற்று என்றும் கூறுவர். ஆயினும், பொய்யிரையின் உயிர்நிலை உருவத்திலன்று, அசைவில் உள்ளது என்பதைத் தெளிவுறக் காட்டியவர்களுள் தலைசிறந்தவர் பின்லாந்து நாட்டு லௌரி ராபலா ஆவார்.

பின்லாந்து ஏரிகள் நிறைந்த குளிர்நாடு. அந்நாட்டின் சிஸ்மா என்னும் ஊர்ப்பகுதியில் 1905ஆம் ஆண்டில் லௌரி பிறந்தார். இளமையிலேயே தாயுடன் அசிக்கலா என்னும் இடத்திற்குக் குடிபெயர்ந்தார். புதிதாகக் குடியேறுவோர் பெயரைக் கோயிற் பதிவேட்டில் எழுதுதல் அக்கால வழக்கம். பெயர் எழுதிய பாதிரியாருக்கு அவர்களுடைய குடும்பப் பெயர் நினைவிற்கு வரவில்லையாம். ஆதலின், அவர்கள் விட்டுவந்த சிற்றூரின் பெயராகிய ‘ராபலா’ என்பதனையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார் என்பர். பின்னிய மொழியில் ‘ராபா’ என்னும் சொல்லுக்குச் சேறு என்பது பொருள். இங்ஙனம் சேற்றூரின் பெயரைத் தாங்கிய சிறுவருக்குப் பெரும்படிப்போ பெருஞ்செல்வமோ வாய்க்கவில்லை. குளிர்காலத்தில் காடுகளில் மரம் வெட்டினார். பிறர் நிலங்களில் கூலிவேலை செய்தார். கோடையில் மீன் பிடித்தார். 1928ஆம் ஆண்டில் எல்மா என்னும் மங்கையை மணந்தார். மக்கள் பிறந்தனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகெங்கும் பொருளாதார நெருக்கடி தோன்றியது. மரம் வெட்டுவோருக்கும் வேலை அரிதாயிற்று. குடும்பம் ஏரியையே நம்பி வாழவேண்டியதாயிற்று.

அவர் மீன் பிடித்த பையான்னே ஏரி, அந்நாட்டின் ஏரிகளுள் பரப்பால் இரண்டாவது, ஆழத்தால் முதலாவது. அதன் மிக்க ஆழம் ஏறக்குறைய 95 மீட்டர். லௌரியிடம் விசைப்படகு இல்லை. இரு துடுப்புகளே அவருக்கு விசை. தூண்டிற் கயிற்றைப் படகின் பின்னே விட்டு, நாள் முழுதும் துடுப்பு வலிப்பார். இரவுதோறும் நெடுங்கயிற்றுத் தூண்டில்களையும் இடுவார். நெடுங்கயிற்றில் முட்கள் மிகப் பல. ஒவ்வொரு முள்ளிலும் ஒரு சிறுமீனைக் கோத்தல் வேண்டும். அச்சிறுமீன்களை முதலிற் பிடித்தல் வேண்டும். கோத்தவை உதிர்ந்தால் மீண்டும் கோத்தல் வேண்டும். குளிரில் விரல்கள் விறைக்கும். இரை தேடுவதிலும் கோப்பதிலும் பாதி நாள் கழிந்துவிட்டால், வீட்டில் காத்திருக்கும் மக்களுக்கு உணவு ஏது? இக்கவலையே அவரைச் சிந்திக்கச் செய்தது.

படகில் அமர்ந்திருக்குங்கால் அவர் நீரை வாளா நோக்கவில்லை, கூர்ந்து நோக்கினார். சிறுமீன்கள் கூட்டமாகச் செல்லும். பைக் என்னும் பெருமீனும், டிரவுட் என்னும் பெருமீனும் அக்கூட்டத்தின் அருகே மறைந்திருக்கும். கூட்டம் ஒழுங்காக நீந்துங்கால் அவை விரைந்து பாய்வதில்லை. அக்கூட்டத்தில் ஒரு மீன் மட்டும் காயமுற்றோ நோயுற்றோ சற்றே தள்ளாடி நீந்தினால், பெருமீன் அதனையே குறிவைத்துப் பாய்ந்தது. இதற்குக் காரணம் யாதெனில், ஒன்றுபோல் நீந்தும் நூறு மீன்களுள் எதனைப் பற்றுவது என்று பெருமீனின் கண் மயங்கும். வேறுபட்டு அசையும் ஒன்றோ அக்கண்ணுக்குத் தனியே புலப்படும். தளர்ந்ததைப் பற்றுதல் எளிதுமாகும். லௌரி இதனைக் கண்டார். ‘அழகிய மீனைச் செய்தல் வேண்டா; அடிபட்ட மீனைச் செய்தல் வேண்டும்’ என்பதே அவர் கண்ட உண்மை.

1936ஆம் ஆண்டில் அவர் தம் முதற் பொய்ம்மீனைச் செய்தார். விலைகொடுத்து வாங்கத்தக்க பொருள் ஒன்றும் அவர் கையில் இல்லை. ஆகவே, தக்கையை எடுத்துச் செருப்புத் தைப்போர் கத்தியால் செதுக்கினார். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். செதிலின் ஒளி வேண்டுமே! சாக்கலேட்டு மிட்டாய் சுற்றிவந்த வெள்ளித்தாளை அதன்மேல் ஒட்டினார். நீர் புகாமற் காக்க வார்னிஷ் வேண்டுமே! பயன்பட்டுக் கழிந்த நிழற்படச் சுருளை உருக்கி அதன்மேற் பூசினார். பிறர் குப்பை என்று எறிந்தவை அவருடைய சிறு பட்டறையில் மீனின் தோலும் பளபளப்பும் ஆயின. பிற்காலத்தில் தக்கையினும் இலேசான பால்சா மரம் அவருடைய பொய்ம்மீன்களுக்கு உடலாயிற்று. பால்சா மரத்தின் எடை, அதே பருமனுள்ள நீரின் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்கே ஆகும்.

இனி, இம்மரமீன் நீந்தும் வகையை அறிதல் வேண்டும். இதன் முகத்தின் கீழே உதடு போன்ற சிறு தகடு ஒன்று சாய்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். கயிற்றைப் பற்றி இழுக்குங்கால், எதிர்வரும் நீர் இத்தகட்டில் மோதித் தலையைக் கீழ்நோக்கி அழுத்தும். மிதக்கும் இயல்புடைய மரம் நீருள் மூழ்கிச் செல்லும். தகட்டின் இரு விளிம்புகளிலும் நீர் மாறி மாறிச் சுழித்து நீங்கும். இடப்புறம் சுழி தோன்றுங்கால் தலை ஒரு பக்கம் சாயும். வலப்புறம் தோன்றுங்கால் மறுபக்கம் சாயும். அவ்வாறு சாய்ந்த உடலை மேலேயுள்ள இலேசான மரமும், கீழே தொங்கும் தூண்டில் முட்களின் கனமும் மீண்டும் நிமிர்த்தும். அடிகனத்த தலையாட்டிப் பொம்மை எப்பக்கம் சாய்த்தாலும் நிமிர்வது போன்றதே இது. சாய்வும் நிமிர்வும் விரைந்து தொடர்தலால் தள்ளாட்டம் உண்டாகின்றது. தகடு உடலோடு ஒத்துக் கிடந்தால் பொய்ம்மீன் ஆழ்ந்து செல்லும். செங்குத்தாக நின்றால் மேலே நின்றபடி மிகுதியாக ஆடும்.

செய்து முடித்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று கருதுதல் தவறு. மரம் இயற்கைப் பொருள். அதன் ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் நெகிழ்ந்தும் இருக்கும். கத்தி ஒருபுறம் ஒரு சீவல் மிகுதியாகச் சீவியிருக்கும். தகடு நெல்முனை அளவு கோணியிருக்கும். இக்குறைகள் மேசையின்மேல் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குப் புலப்படா. நீரிலிட்டு இழுத்தால் அக்கணமே வெளிப்படும். நேரே வரவேண்டிய பொய்ம்மீன் ஒருபுறமாக ஒதுங்கி ஓடும். அல்லது பக்கவாட்டில் கவிழ்ந்து சுழலும். அல்லது அசைவற்றுக் கட்டைபோல வரும். கட்டையைக் கட்டை என்று பெருமீன் நன்கறியும்.

இக்குறைகளைத் தீர்க்கும் முறை நுட்பமானது. முகத்தின் நுனியில் கயிறு கட்டும் கம்பி வளையம் ஒன்று உண்டு. பொய்ம்மீன் இடப்புறம் ஒதுங்கினால் அவ்வளையத்தை வலப்புறமும், வலப்புறம் ஒதுங்கினால் இடப்புறமும், குறட்டால் மெல்லப் பற்றி மயிரிழையளவு வளைத்தல் வேண்டும். வளைத்தபின் மீண்டும் நீரிலிட்டுப் பார்த்தல் வேண்டும். போதாதெனில் இன்னும் மயிரிழையளவு. ஒரே முறையில் மிகுதியாக வளைத்துவிட்டுப் பின்னர்த் திருப்பி வளைத்தால், மென்மரத்தில் பதிந்த வளையம் தளர்ந்துபோகும்; பொய்ம்மீன் பாழாகும். கவிழ்ந்து சுழல்வதற்கு வயிற்றில் சிறிது கனம் சேர்ப்பர். அசையாததற்குத் தகட்டை அகலமாக்குவர், அல்லது கனத்தைக் குறைப்பர். ஒரு நேரத்தில் ஒரு திருத்தமே செய்தல் இத்தொழிலின் விதி. இரண்டினை ஒருங்கே மாற்றினால், எதனால் நலம் விளைந்தது, எதனால் கேடு விளைந்தது என்று அறிய இயலாது போகும். லௌரி தாம் செய்த ஒவ்வொரு பொய்ம்மீனையும் தாமே நீரிலிட்டு இழுத்துப் பார்த்து, தள்ளாட்டம் செவ்வையாக அமைந்தபின்னரே பிறர்க்குக் கொடுத்தார். பத்துச் செய்து ஒன்றைப் பார்த்தாரல்லர். பத்துச் செய்து பத்தையும் பார்த்தார்.

இரை கோக்கும் வேலை ஒழிந்தது. பிடிபட்ட மீன் பெருகிற்று. அண்டை அயலார் அப்பொய்ம்மீனைக் கேட்டு வாங்கினர். 1939ஆம் ஆண்டில் மூண்ட போர் அந்நாட்டையே கலக்கியது. போர் ஓய்ந்தபின் லௌரி மீண்டும் கத்தியைக் கையிலெடுத்தார். மைந்தர்களாகிய ரெய்யோ, என்சியோ, ரிஸ்தோ ஆகியோரும் தந்தையுடன் பட்டறையில் உழைத்தனர். 1952ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றபொழுது வந்திருந்த அயல்நாட்டார் சிலர், அப்பொய்ம்மீன்களைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்றனர் என்பர். 1959ஆம் ஆண்டில் ரான் வெபர், ரே ஆஸ்ட்ரம் என்னும் அமெரிக்கர் இருவர் அவற்றைத் தம் நாட்டிற்கு வரவழைத்து விற்கத் தொடங்கினர். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘லைஃப்’ என்னும் அமெரிக்க இதழ் அவற்றைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அம்மாதத்தில் மறைந்த நடிகை மர்லின் மன்றோவைப் பற்றிய செய்திகளும் அவ்விதழில் இருந்தமையால், அதனை வாங்கிப் படித்தோர் மிகப் பலர். அதன்பின் வந்து குவிந்த வேண்டுகோள்களுக்கு அச்சிறு பட்டறை ஈடுகொடுக்க இயலவில்லை. தொழிற்சாலை எழுந்தது. 1974ஆம் ஆண்டில் லௌரி மறைந்தார். பாதிரியாரின் மறதியால் வந்த அச்சேற்றூர்ப் பெயர், இன்று பல நாடுகளில் தூண்டில் பிடிப்போர் நாவில் வழங்குகின்றது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. பொய்யைக் காட்டி ஓர் உயிரை ஏமாற்றுதல் அறமாகுமோ? துன்புறும் மீனின் தோற்றத்தையே கருவியாகக் கொள்ளுதல் இரக்கமாகுமோ? இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிடுதல் நன்றன்று. பசித்த மக்களுக்காகத் துடுப்பு வலித்த தந்தையின் செயல் வேறு. பொழுதுபோக்கிற்காக அளவின்றி மீனைக் கொன்று குவிப்பவன் செயல் வேறு. ஏரி எல்லார்க்கும் பொது. ஆதலின், குறித்த அளவிற்குக் குறைந்த மீனைப் பிடிக்கலாகாது என்று பல நாடுகள் சட்டம் வகுத்துள்ளன. முள்ளின் கொக்கிமுனையை நசுக்கிவிட்டு, பிடிபட்ட சிறுமீனை ஊறின்றி நீரில் விடுவோரும் உளர். தூண்டிலிற் கட்டிய ஈயக் குண்டுகளை விழுங்கி அன்னப்பறவைகள் மடிவதைக் கண்டு, இங்கிலாந்து 1987ஆம் ஆண்டில் சிறு ஈயக் குண்டுகளின் விற்பனையைத் தடைசெய்தது. கருவியைத் திருத்துவோன் தன் செயலையும் திருத்திக்கொள்ளுதல் வேண்டும் என்பதனை இவை காட்டுகின்றன.

லௌரியின் கையில் இருந்தவை ஒரு கத்தி, ஒரு தக்கை, ஒரு மிட்டாய்த்தாள். அவை எவர்க்கும் கிடைக்கும். கிடைத்தற்கரியது அவருடைய பொறுமையே. பிறர் மீனைப் பார்த்த ஏரியில் அவர் மீனின் நடையைப் பார்த்தார். தாம் செய்ததைத் தாமே புகழாமல், நீரிடம் கொடுத்து, நீர் சொன்ன குறையைக் கேட்டுத் திருத்தினார். எழுதிய கட்டுரையை மீண்டும் படித்துப் பார்க்க மனமில்லாத மாணவனும், போட்ட கணக்கைச் சரிபார்க்கச் சோம்பும் மாணவனும், குளிர்ந்த ஏரிக்கரையில் குறட்டை ஏந்தி, இன்னும் ஒரு மயிரிழை வளைத்து, மீண்டும் ஒருமுறை நீரிலிட்டு இழுத்துப் பார்த்த அம்மீனவரை நினைத்துக்கொள்வார்களாக.