அம்மாச்சிக்கு இங்கிலீஷ் தெரியாது

பி.காம் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேட்காதீங்க. அக்கா பையனுக்கு ஆட்டிசம். மூணு வயசில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர், "ரெண்டு மொழி குழப்பும், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்றார். இங்கிலீஷ் தெரியாத எங்க அம்மா அன்றிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டியதெல்லாம் மௌனமாகத்தான்.

ரெண்டு வருஷம் கழித்துத்தான் தேடிப் பார்த்தேன். 2012-ல் வெளியான ஆய்வில், கனடாவில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் இருவரும் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். இரு மொழி கேட்டு வளர்ந்தவர்கள், ஒரு மொழி மட்டும் கேட்டவர்களைவிடப் பேச்சில் பின்தங்கவில்லை.

அக்காவிடம் காட்டினேன். அம்மா மறுபடி பேச ஆரம்பித்தார். பையன் இப்பவும் அதிகம் பேசுவதில்லை. போன வாரம் மட்டும் தட்டை நீட்டி, "அம்மாச்சி, இன்னும்" என்றான்.

அந்த ரெண்டு வருஷத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? எங்க சிலபஸில் இல்லை.