ஒரே கனத்தில் இரண்டு படகுகள்

குற்றாலம் சாரல் திருவிழாவில் படகுப் போட்டி ஒரு காலைப்பொழுதுக்குள் முடிந்துவிடுகிறது. அதற்கான வேலை நடப்பதோ வைகாசி வெயிலில், அருவிப் பாறை காய்ந்து கிடக்கும் நாட்களில். ஐந்தருவிச் சாலையில் வெண்ணமடைக் குளத்துக் கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நடுவே முழங்கைவரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். இந்தப் பழுது வேலையைச் சீசன் தொடங்கிய பிறகு செய்துகொள்ளக் கூடாதா என்று அவரிடம் கேட்டேன்.

“ஈரக்காத்து பட்டா மேட் பிடிக்காது அண்ணாச்சி. பிடிச்ச மாதிரிதான் தெரியும். பத்து நாள்ல தோல் கணக்கா உரிஞ்சி வந்துரும். சாரல் விழுததுக்கு முன்ன முடிச்சாத்தான் உண்டு.”

மேட் என்று அவர் சொன்னது கண்ணாடி இழைப் பாய். வெள்ளையாக, பார்க்க மெத்தென்று இருக்கும். தொட்டால் அன்று முழுக்க அரிப்பு. எண்ணெய் பூசியிருந்தது அதற்காகத்தான். படகின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். அதை மட்டும் அடைத்தால் போதாதாம். சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு மேல்பூச்சைத் தேய்த்து எடுத்தார். பழைய இழை தெரியும் வரை தேய்த்து, தூசி துடைத்து, வெயிலில் காயவிட்டார். பிறகு பாயிலிருந்து ஒரு துண்டைக் கையால் பிய்த்தார். கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது. வெட்டினால் ஓரம் திண்டாக நிற்கும், பிய்த்தால் இழைகள் ஒழுங்கின்றிப் பிரிந்து பழைய பரப்போடு கலந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தார்.

பாயை ஒட்டும் ரெசினில் முதலில் கோபால்ட், நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனர். இந்த வரிசை மாறக் கூடாது. கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அதனால் இரண்டு பாட்டில்களையும் ஒரே பையில்கூட வைப்பதில்லை. ஹார்டனர் விழுந்த பிறகு பேச்சுக்கு இடமில்லை. டப்பா கையில் சூடாகத் தொடங்கும்போதே பிரஷ்ஷால் பாயை நனைத்து, குமிழிகளை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றிவிட வேண்டும். உள்ளே நின்றுபோன குமிழி அடுத்த விரிசல் தொடங்கும் இடம். ரெசின் நெடி தலையைச் சுற்றவைக்கிறது. அதிலேயே குனிந்து நின்று வேலை செய்பவர் ஒரு துண்டைத்தான் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். இதற்கென்று முகக்கவசம் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கிக் கொடுப்பது பெரிய செலவே இல்லை.

குற்றாலம் என்றால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், எண்ணெய்க் குளியல், பார்டர் பரோட்டா. ஐந்தருவிச் சாலை என்றதும் இலக்கியம் படித்தவர்களுக்கு ரசிகமணி டி.கே.சி. நினைவுக்கு வருவார். அதே சாலையில் இருக்கும் இந்தக் குளம் அருவிக்குப் போகிற வழியில் கண்ணில் பட்டு மறைகிற ஒன்றாகவே பலருக்கும் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்து, ஐந்தருவித் தண்ணீர் வந்து குளம் பெருகினால்தான் படகுக் குழாமுக்கு உயிர் வரும். மிதிபடகும் துடுப்புப் படகும் அப்போது இறங்கும். மழை தவறிய ஆண்டுகளில் சவாரி தள்ளிப்போகும். சாரல் திருவிழாவின் கலை நிகழ்ச்சிகள் கலைவாணர் அரங்கத்தில் நடக்கின்றன. கோலப் போட்டி, கொழுகொழு குழந்தைகள் போட்டி, ஆணழகன் போட்டி, நாய்க் கண்காட்சி என்று நீளும் நிகழ்ச்சி நிரலில் படகுப் போட்டிக்கு ஒரு வரி உண்டு. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். அதற்கு முன் திருநெல்வேலி மாவட்ட விழாவாக இருந்த காலத்திலேயே இந்தப் போட்டி நடந்து வந்தது.

மேற்கே மலையைத் தாண்டினால் கதையே வேறு. மலைக்கு இப்புறம் இருக்கும் செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அங்கிருந்து ஆரியங்காவு கணவாய் வழியாகப் போனால் கொல்லம். அங்கே அஷ்டமுடிக் காயலில் குடியரசுத் தலைவர் கோப்பைக்குச் சுண்டன் வள்ளங்கள் என்னும் பாம்புப் படகுகள் மோதுகின்றன. இன்னும் வடக்கே ஆலப்புழையில் நேரு கோப்பை. 1952இல் வந்த நேரு போட்டியைப் பார்த்து, வென்ற வள்ளத்திலேயே ஏறிக்கொண்டு, தில்லி திரும்பியதும் வெள்ளிக் கோப்பையை அனுப்பிவைத்தார். ஆறன்முளையில் பள்ளியோடங்கள் எனப்படும் வள்ளங்கள் பார்த்தசாரதி கோயிலுக்கு உரியவை. அங்கே உத்திரட்டாதி நாளில் துடுப்புப் போடுவது வழிபாட்டில் சேர்ந்தது. நூறடிக்கு மேல் நீளும் அந்த வள்ளங்களை ஆஞ்சிலி மரத்தில் கட்டுகிறார்கள். நாம் அயினி என்று சொல்லும் மரம்தான் அது. ஒரு கரையின் ஊர்க்காரர்கள் சேர்ந்து பணம் போட்டு, ஆசாரியை வைத்து, தங்களுக்கென்று ஒரு வள்ளம் கட்டுகிறார்கள். அடுத்த கரையின் வள்ளத்தைவிட இது வேகமாக ஓட வேண்டும் என்றுதான் மரம் பார்க்கும்போதிலிருந்தே நினைப்பு. மீன் எண்ணெயும் சிரட்டைக் கரியும் முட்டையும் பூசி அடிப்பகுதியை வழுவழுப்பாக்குவதும் அதற்காகவே. வள்ளத்துக்கு வள்ளம் வேறுபாடு இருப்பதுதான் அந்தப் போட்டியின் சாரம்.

சென்னை அடையாற்றில் இன்னொரு வகை. மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. கொழும்புக் கிளப்போடு துடுப்புப் போட்டி 1898இலிருந்து. அங்கே துடுப்புப் பிடிக்க உறுப்பினராக வேண்டும், மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

வெண்ணமடையில் இரண்டும் இல்லை. ஊருக்கென்று படகு கிடையாது, கிளப்பும் கிடையாது. பெயர் கொடுத்தவர் எவரும் ஏறலாம். ஆணும் பெண்ணும் தனித்தனியாக மிதிக்கிறார்கள். நான் பார்த்த அன்று நின்றவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தார்கள், ஆட்டோ ஓட்டுகிறவர் இருந்தார், அருவியில் குளித்த ஈரத்தலையோடு வந்து பெயர் கொடுத்த ஒரு குடும்பம் இருந்தது. படகு எல்லோருக்கும் பொது. முந்தைய நாள்வரை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டிருந்த அதே படகுதான். மரபு என்றால் நூற்றாண்டுக் கணக்கு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு விளையாட்டு நிகழ்ச்சி என்று தள்ளிவிடலாம். நான் தள்ள மாட்டேன். யாரோ ஒரு பெண் வாழ்நாளில் முதல்முறையாகப் படகில் உட்கார்ந்து, அன்றே பந்தயத்திலும் ஓட்டி, மேடையேறிப் பரிசு வாங்குவது இங்கேதான் நடக்கிறது.

அப்படி நடக்க வேண்டுமென்றால் படகுகள் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தாக வேண்டும். கேரளத்து ஆசாரி தன் வள்ளத்தை மற்றதைவிட வேகமாக்கப் பாடுபடுகிறார். இந்தக் கரையில் வேலை பார்ப்பவர் ஒன்றைவிட இன்னொன்று வேகமாகிவிடாமல் பார்த்துக்கொள்ளப் பாடுபடுகிறார். இரண்டில் எது கடினம் என்று கேட்டால் இரண்டாவது என்றே சொல்வேன். ஒவ்வொரு ஒட்டும் கனம் கூட்டும். நான்கு சீசன் ஒட்டு வாங்கிய படகு புதுப் படகைவிடத் தாழ்ந்துதான் மிதக்கும். அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் இரட்டைச் சுவருக்கு நடுவே தண்ணீர் புகுந்து தங்கும். வெளியே தெரியாது, மிதிப்பவர் காலுக்குத்தான் தெரியும். சக்கரத்தைச் சுற்றும் கிராங்கின் புஷ் தேய்ந்திருந்தால் பாதி பலம் ஆட்டத்திலேயே போய்விடும். சுக்கானைத் திருப்பும் கைப்பிடி லொடலொடவென்று இருந்தால் படகு நேரே போகாது.

இதையெல்லாம் அவர்கள் சோதிக்கும் முறையைப் போட்டிக்கு முந்தைய சாயங்காலம் பார்த்தேன். குழாமில் வேலை செய்யும் இரண்டு பையன்கள், ஏறக்குறைய ஒரே உடம்பு. இருவரையும் ஒரு படகில் ஏற்றி, தண்ணீர் தொடும் இடத்தில் பக்கவாட்டில் சாக்பீஸால் கோடு போட்டார் பெரியவர். பிறகு அதே இருவரையும் அடுத்த படகில் ஏற்றி அங்கேயும் ஒரு கோடு. கோடு இரண்டு விரற்கடை மேலே விழுந்த படகைக் கரைக்கு இழுத்து, தக்கையைப் பிடுங்கிச் சாய்த்தார்கள். அரை வாளிக்குக் குறையாமல் தண்ணீர் கொட்டியது.

“பாத்தியளா, இதுல ஏறுத பிள்ளை எவ்வளவு மிதிச்சாலும் பிந்தித்தான் வரும். ஊர்ல அதுக்குத் தெம்பு இல்லன்னு சொல்லுவாவ” என்றார்.

தண்ணீரை வடித்து, தக்கைக்குப் புது ரப்பர் போட்டு, மறுபடி மிதக்கவிட்டுக் கோடு பார்த்தார்கள். அப்படியும் சரிப்படாத ஒன்றைப் போட்டிக்கு வேண்டாம் என்று ஓரத்தில் கட்டிவிட்டார்கள். மற்றவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒரே கனமாகத் தெரிந்தவை ஒரே சுற்றில் போகும்படி எண் எழுதினார்கள். இந்த ஜோடி சேர்ப்பு எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. அறிவிப்பாளருக்கும் தெரியாது.

மறுநாள் சாரல் விட்டுவிட்டு விழுந்தது. விசில் ஊதியதும் கரை முழுக்கக் கூச்சல். புதிதாக மிதிப்பவர்கள் செய்யும் பிழை ஒன்றேதான்: படகு கொஞ்சம் விலகினால் பதறிக் கைப்பிடியை முழுக்கத் திருப்பிவிடுகிறார்கள்; அது மறுபக்கம் ஓட, மறுபடியும் திருப்புகிறார்கள். கைப்பிடியை அசைக்காமல் வைத்துச் சீராக மிதித்த இரண்டு பெண்கள், வேகமாகத் தொடங்கியவர்களை நடுக்குளத்தில் தாண்டிப் போனார்கள். லைஃப் ஜாக்கெட் கொக்கியை ஒவ்வொருவருக்கும் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் பெரியவர் படகை விட்டார். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னிகை படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அதில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் கொக்கி விஷயத்தில் அவர் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை.

பரிசளிப்பில் நடுவர்களுக்கு நன்றி சொன்னார்கள், காவல் துறைக்கு, தீயணைப்புத் துறைக்கு, பேரூராட்சிக்கு நன்றி சொன்னார்கள். படகுகளைச் சமப்படுத்தியவர்கள் அந்நேரம் அடுத்த சவாரிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். குளத்தில் தண்ணீர் இருக்கும் வரைதான் அவர்களில் பலருக்குக் கூலி. இது பாசனக் குளம். வயல்தான் முதலில், படகு பிறகுதான். அதில் அவர்களுக்கு வருத்தம் இல்லை. அவர்களில் சிலருக்கே கீழே வயல் இருக்கிறது. தண்ணீர் இறங்கிய பிறகு சிலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள், சிலர் தோப்பில் தேங்காய் வெட்டப் போகிறார்கள். ரெசின் வேலை கைவந்தவருக்கு மட்டும் கோடையில் மறுபடி அழைப்பு வரும்.

என்ன வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டேன். கூலியைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். வெயில் மழை படாமல் ஒட்டு வேலை செய்ய ஒரு கொட்டகை, ஒரே அச்சில் வார்த்த நான்கு மிதிபடகுகள் என்று சொல்லிவிட்டு, போட்டிக்கு விடாமல் ஓரத்தில் கட்டியிருந்த படகைக் காட்டினார். அது இனி ஒட்டு தாங்காது, வருகிற வைகாசிக்கு முன்னால் மாற்றிவிட்டால் இன்னும் ஒரு சுற்று கூடுதலாக விடலாம், பெயர் கொடுத்தும் இடமில்லாமல் திரும்பிப்போன பிள்ளைகள் இந்த வருஷம் நிறையப் பேர் என்றார்.