காற்றும் கயிறும்: கோவாக் கடற்கரையில் ஒரு பகல்

காவிரிக் கரையில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீர் புதிதன்று. பரமத்தி வேலூர்ப் பகுதியில் பிறந்த பிள்ளை நடை பழகுமுன்பே ஆற்றைப் பார்த்துவிடுகிறது. ஜேடர்பாளையத்துப் படுகை அணையிலிருந்து பிரிந்து வரும் இராஜ வாய்க்கால் நம் வெற்றிலைக் கொடிக்கால்களையும் வாழைத் தோட்டங்களையும் நனைத்துக்கொண்டே ஓடுகிறது. ஆனால் கடல் நமக்கு விருந்தாளி வீடு போன்றது. வேளாங்கண்ணிக்குச் செல்லும்போது காலை நனைத்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு, மணலைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அக்கடலின்மேல் பறவைபோல் தொங்கிக்கொண்டு செல்லும் வாய்ப்பு ஒரு நாள் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கும் கிடைக்கும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்!

அவ்வாய்ப்பு 2024 டிசம்பரில் கிடைத்தது. அதைப்பற்றிச் சொல்லும்படி பல பெற்றோர்கள் கேட்டனர். விடுமுறைக்குப் பிள்ளைகளை அனுப்பலாமா, வேண்டாமா என்பதே அவர்கள் கேள்வியின் உட்கருத்து. ஆகவே கண்டதையும் கேட்டதையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

சவேரியாரின் நகரில்

புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய கோவாவில் பொதுவணக்கத்துக்கு வைக்கப்படுவதை நேயர்கள் அறிவீர்கள். இம்முறை அது 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை நடைபெற்றது. 1605-இல் அர்ச்சிக்கப்பட்ட போம் ஜேசு பேராலயத்திலிருந்து திருவுடலை அருகேயுள்ள சே கதீட்ரலுக்கு எடுத்துச் சென்று வைத்திருந்தார்கள். மூன்று தலைமுறையினர் அடங்கிய எங்கள் பேருந்துக் கூட்டம் வரிசையில் பொறுமையாக நின்று வணங்கியது. திருப்பலியும் முடிந்தது. ஊர் திரும்ப ஒரு பகல் மிச்சம் இருந்தது.

அந்நகரில் நிற்கும்போது ஒரு செய்தி மனத்தில் வந்து நின்றது. சவேரியார் லிஸ்பன் துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டது 1541 ஏப்ரல் 7-ஆம் நாள். கோவாவில் இறங்கியது 1542 மே 6-ஆம் நாள். பதின்மூன்று மாதங்கள்! அதில் பல மாதங்கள் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் காத்திருந்தே கழிந்தன. அந்நாளில் கப்பலைச் செலுத்தியது பாய். பாயைச் செலுத்தியது காற்று. காற்று திரும்பும்வரை மன்னரின் ஆணை பெற்றவரும் கரையில் இருந்தாக வேண்டும். மாலுமிகள் அதைத் தோல்வி என்று எண்ணவில்லை. காத்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதி என்றே கொண்டார்கள்.

மிச்சமிருந்த அப்பகலில் மாண்டவி ஆற்றைக் கடந்து வடக்கே கலங்கூட் கடற்கரைக்குப் போனோம். நீண்ட மணற்பரப்பு, பின்னால் தென்னந்தோப்புகள். கடலின்மேல் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பெரிய குடைகள் மிதந்தன. ஒவ்வொரு குடையின் கீழும் இருவர் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தனர். எங்கள் இளைஞர்களின் கண்கள் அதைவிட்டு அகலவில்லை. அதுதான் பாராசெய்லிங்.

குடையும் பாயும்

பாராசூட் என்னும் குடை மனிதனை மேலிருந்து கீழே மெதுவாக இறக்குவதற்கு உண்டானது. அதே குடையைக் கொண்டு கீழிருந்து மேலே ஏற்றலாம் என்று காட்டியவர் பியேர் லெமோயின் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1960-களின் தொடக்கத்தில் அவர் குடையின் துணியில் ஆங்காங்கே பிளவுகள் அமைத்தார். உள்ளே புகுந்த காற்று அப்பிளவுகளின் வழியே பின்னோக்கி வெளியேற, இழுக்கப்படும் குடை நிலையாக மேலெழுந்தது. விமானம் இல்லாமலே வீரர்களை உயரே ஏற்றிக் குதிக்கப் பழக்குவதற்கு அது முதலில் பயன்பட்டது. பின்னர் 1970-களில் கயிற்றைச் சுற்றி வைக்கும் உருளையைப் படகிலேயே பொருத்தினார்கள். அதன்பின் படகின் மேடையிலிருந்தே ஏறி, அம்மேடையிலேயே இறங்கும் முறை வந்தது. இன்று உலகின் கடற்கரைகளில் இது ஒரு பெரிய தொழில்.

இதன் கணக்கு எளியது. படகு முன்னே இழுக்கிறது. எதிர்க்காற்று குடையைப் பின்னே தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையில் கயிறு விறைத்து நிற்க, குடை மேலே போகிறது. நம் பிள்ளைகள் விடும் பட்டத்தின் கணக்கும் இதுவே. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: பறக்கிறவரிடம் சுக்கானும் இல்லை, கடிவாளமும் இல்லை. அவருடைய உயிர் காற்று, கயிறு, படகோட்டி ஆகிய மூன்றையும் நம்பியிருக்கிறது. காற்றை நாம் மாற்ற இயலாது. மற்ற இரண்டையும் நாம் பார்க்கலாம், கேட்கலாம்.

பெரியவரின் விரல்கள்

கேட்கத் தெரிந்த ஒருவர் எங்களோடு வந்திருந்தார். வயது எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மின்மோட்டார் வராத காலத்தில் கவலை ஓட்டித் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர். எருதுகள் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு விறைத்து, நீர் நிறைந்த பறி கிணற்றிலிருந்து ஏறி வருவதை இன்றைய பிள்ளைகள் கண்டதில்லை. வடம் அறுந்தால் பறி கிணற்றுக்குள். எருதுகளோ முன்னே குப்புற விழும். ஆதலால் தினமும் விடியலில் வடத்தை விரலால் தடவிப் பார்த்த பிறகே எருதுகளைப் பூட்டுவார்கள்.

கரையிலிருந்து சிறு படகில் ஏறிப் பெரிய படகை அடைந்தோம். எல்லோருக்கும் மிதவைச் சட்டை அணிவித்தார்கள். பெரியவர் அதை மாட்டிக்கொண்டு நேரே கயிற்று உருளையின் பக்கம் சென்றார்.

"தம்பி, அந்தக் கவுத்தக் கொஞ்சம் இழுத்துக் காட்டச் சொல்லு" என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் இளைஞர் ஒருவர் அதை இந்தியில் சொன்னார். உடன் இருந்தவர்களில் சிலருக்குக் கூச்சமாக இருந்தது. பணம் கட்டி வந்த இடத்தில் இப்படியெல்லாம் கேட்பதா என்று ஒரு தாயார் மெல்லிய குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

படகின் தலைவர் நாற்பது வயதுக் கடற்கரைக்காரர். முதலில் சிரித்தார். பிறகு பெரியவரின் விரல்கள் கயிற்றில் ஓடும் முறையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தாமே அருகில் வந்து விளக்கினார். கொக்கியில் மாட்டும் முனைதான் முதலில் தேய்கிறதாம். ஆகவே அவ்வப்போது அம்முனையை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பின்னிக் கண்ணி செய்கிறார்களாம். உப்பும் வெயிலும் கயிற்றை உள்ளிருந்தே தின்றுவிடும் என்றும், நடுவில் முடிச்சு விழுந்த கயிற்றைத் தாம் ஓட்டுவதில்லை என்றும் சொன்னார். முடிச்சு விழுந்த இடத்தில் கயிறு வளைந்து நெரிபடுவதால் அதன் வலிமை பெரிதும் குறைந்துவிடுகிறது. இதைச் சொல்லக் கேட்டதும் பெரியவர் தலையை ஆட்டினார். மொழி தெரியாத இருவர் ஒரு கயிற்றின் வழியாக ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர்.

"நீங்கள் ஏறவில்லையா, பெரியவரே?" என்று கேட்டேன்.

"மேல போற வயசு தானா வருதுங்க சாமி. அதுக்குக் கவுறு எதுக்குங்க?" என்றார். படகே சிரித்தது.

மேலே

எடையைக் கேட்டு இருவர் இருவராக இணைத்தார்கள். என்னைக் கல்லூரி மாணவர் ஒருவரோடு சேர்த்தனர். தொடைகளைச் சுற்றியும் இடுப்பைச் சுற்றியும் பட்டைவார்களை இறுக்கினார்கள். ஒருவர் மாட்டிய கொக்கியை இன்னொருவர் வந்து இழுத்துப் பார்த்தார். படகு வேகம் எடுத்தது. உருளை கயிற்றை விட்டது. மேடை கால்களின் கீழிருந்து நழுவிற்று.

பயம் இருந்ததா என்று கேட்பீர்கள். மேடையைவிட்டு எழும் கணத்தில் வயிற்றில் ஒரு வெறுமை உண்டாயிற்று, அவ்வளவே. அதற்கு மேல் எதிர்பாராதது நிசப்தம். கீழே காதைத் துளைத்த இயந்திரத்தின் ஓசை தேய்ந்து மறைந்தது. குடையின் விளிம்பு காற்றில் படபடக்கும் ஓசை மட்டுமே எஞ்சியது. தூளியில் கிடக்கும் குழந்தையின் நிலை இப்படித்தான் இருக்கும்போலும்!

கயிறு ஏறத்தாழ நூறு மீட்டர் விட்டிருப்பதாகப் பின்னர் சொன்னார்கள். அது சாய்ந்து நிற்பதால் உயரம் அதைவிடக் குறைவு; 236 அடி உயரமுள்ள திருவரங்கத்து இராஜகோபுரத்தின் உச்சி அளவு என்று கொள்ளலாம். கரையோரம் வெண்ணுரையும், அப்பால் கலங்கிய பழுப்பும், அதற்கும் அப்பால் பச்சையும், பின்பு நீலமுமாகக் கடல் பட்டை பட்டையாய்க் கிடந்தது. தெற்கே கடலுக்குள் நீண்ட மேட்டின்மேல் போர்த்துக்கீசியர் 1612-இல் கட்டி முடித்த அகுவாதாக் கோட்டை தெரிந்தது. தென்னைகளின் பசுமைக்கு நடுவே ஆலயத்தின் வெண்மை மின்னிற்று. அருகில் இருந்த மாணவர் பேச்சையே மறந்திருந்தார். சில நிமிடங்களில் உருளை எங்களைப் படிப்படியாக இழுத்துக்கொண்டு மேடையில் மெல்ல அமர்த்தியது.

"இன்று போதும்"

எங்களுக்குப் பின் இரண்டு இணைகள் ஏறி இறங்கினர். பிற்பகல் முற்றியது. பகலில் தரை கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. தரைமேல் உள்ள சூடான காற்று எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே பாய்கிறது. அதனால்தான் பல கடற்கரைகளில் காலையில் அடங்கியிருக்கும் காற்று பிற்பகலில் வலுக்கிறது. கொந்தளித்த அலைகளின் தலையில் வெள்ளை தோன்றியது. படகின் தலைவர் கடலைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கையை உயர்த்தி, "இன்று போதும்" என்றார்.

மிச்சம் இருந்தவர்கள் இரு சகோதரர்கள். பல மாதங்களாகக் காசு சேர்த்து வந்தவர்கள். அன்றிரவே பேருந்து புறப்பட வேண்டும். நாளை என்பது இல்லை. அவர்களின் தந்தை கெஞ்சினார். இருமடங்கு தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். தலைவர் கோபப்படவில்லை. பையிலிருந்து அவ்விருவருக்கான பணத்தை எண்ணித் தந்தையின் கையில் வைத்தார். அன்றைக்கு அவருடைய வரவு குறைந்தது. அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தக் கடலோரத்தில் நான் கண்ட மிக உயர்ந்த காட்சி வானத்தில் இல்லை. இந்தக் கைமாற்றத்தில்தான் இருந்தது.

இளையவன் பேருந்து மலையேறும்வரை யாரிடமும் பேசவில்லை. பெரியவர் அவன் பக்கத்தில் போய் அமர்ந்தார். "காவேரியில வெள்ளம் வந்தா ஒகேனக்கல்ல பரிசல் ஓட்ட உடுவாங்களா கண்ணு? கரையிலதான் நிக்கோணும். ஆறும் எங்கயும் போவாது, கடலும் போவாது" என்றார். அவன் சமாதானம் அடைந்தான் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அவர் கொடுத்த முறுக்கை வாங்கிக்கொண்டான்.

அந்தத் தலைவர் காட்டிய தயக்கம் வீண் அச்சம் அன்று. 2021 நவம்பரில் தியூ தீவின் நாகோவா கடற்கரையில் ஒரு தம்பதி பறந்துகொண்டிருக்கையில் கயிறு அறுந்து இருவரும் கடலில் விழுந்தனர். மிதவைச் சட்டை அணிந்திருந்ததால் மீட்கப்பட்டனர். நமக்கு அண்மையில் உள்ள கோயம்புத்தூரில், தரையில் வாகனம் இழுத்துச் செல்லும் முறையில் பறந்த ஒருவர் விழுந்து உயிர் இழந்தார். கடலாவது விழுகிறவரை ஓரளவு தாங்கும், தரை தாங்காது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், உயிர்கள் பலியான பிறகு, 2014-இல் தனிச் சட்டமே இயற்றியது. காற்று மணிக்கு 20 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் தொடர்ந்து வீசினால் அங்கே குடையை விரிக்கலாகாது. சட்டம் ஒரு பக்கம் இருக்க, அதைக் கடற்கரையில் நிறைவேற்றுவது "இன்று போதும்" என்று சொல்லத் துணியும் ஒரு மனிதர்தான்.

புறப்படுமுன்

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளை அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: அனுப்பலாம், ஆனால் வாய் மூடி அனுப்ப வேண்டாம். கோவாவில் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில், ஜூன் தொடங்கிச் செப்டம்பர்வரை, இவ்விளையாட்டு நிறுத்தப்பட்டிருக்கும். அக்காலத்தில் எவராவது அழைத்தால் போகாதீர்கள். முற்பகலில் செல்வது நல்லது. படகுக்கும் தொழிலுக்கும் அரசின் பதிவு உண்டா, காப்பீடு உண்டா என்று கேளுங்கள். பணத்துக்கு இரசீது பெறுங்கள். படகை ஓட்டுகிறவரைத் தவிர, பறக்கிறவரையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் வேண்டும். மிதவைச் சட்டையின் வார்கள் எல்லாம் பூட்டப்பட்டுள்ளனவா என்று உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள். கயிற்றில் முடிச்சோ, நைந்த இழையோ கண்டால் இறங்கிவிடுங்கள். கருவுற்ற தாய்மாரும், இதயநோய், முதுகுத்தண்டு நோய் உள்ளவர்களும் கரையில் இருந்து பார்த்து மகிழட்டும். எங்கள் பெரியவர் அப்படித்தான் மகிழ்ந்தார்.

கேள்வி கேட்பது நாகரிகக் குறைவு என்றும், பயந்தவன்தான் கேட்பான் என்றும் நம் பிள்ளைகளிடம் ஒரு எண்ணம் வளர்ந்து வருகிறது. கவலை ஓட்டிய கைகள் பயந்த கைகள் அல்ல. தம் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர் கேள்வியை வரவேற்பார். கயிற்றை இழுத்துக் காட்டுவார். காற்று கூடாதென்றால் பணத்தைத் திருப்பித் தருவார். கேட்டவுடன் முகம் சுளிக்கிறவரிடம் பிள்ளையை ஒப்படைக்காமல் திரும்பி வருவதே அறிவுடைமை. இது கடற்கரைக்கு மட்டும் உரிய பாடம் அன்று. பிள்ளை ஏறும் பள்ளி வேனுக்கும், அவன் தங்கப்போகும் விடுதிக்கும், மகளை அனுப்பும் வேலையிடத்துக்கும் இதுவே பொருந்தும்.

அந்தச் சகோதரர்கள் மறுபடியும் காசு சேர்க்கத் தொடங்கியிருக்கிறார்களாம். போகும்போது காலையிலேயே சென்றுவிட வேண்டும் என்று இளையவன் இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.