பெட்டியின் பெயரும் உள்ளே உள்ள சரக்கும்



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஊர்களிலிருந்து நம் பெரியவர்கள் தொழில் நிமித்தம் சென்னைக்குப் புறப்பட்டால், பெரும்பாலும் பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்குத்தான் போவார்கள். இன்று அதே சென்ட்ரல் நிலையத்தில் இறங்கும் நம் பிள்ளைகள், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை நோக்கி நடக்கிறார்கள். கம்ப்யூட்டர் உதிரிப் பாகங்களுக்குப் பெயர் பெற்ற தெரு அது. பெரியவர்கள் தோலைத் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தரம் பிரித்தார்கள். பிள்ளைகளோ பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரைப் பார்த்தே பணத்தை எண்ணி வைக்கிறார்கள். தரம் பிரிக்கும் அந்தக் கண் இங்கும் வேண்டாமா?

2024-ஆம் ஆண்டில் என் தங்கை வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தது. அவள் ஷூ தொழிற்சாலையில் மேற்பகுதி தைக்கும் பிரிவில் வேலை செய்பவள். அவள் மகன் பி.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தான். விளையாடவும் படிக்கவும் ஏற்ற கம்ப்யூட்டர் வேண்டும் என்பது அவன் ஆசை. தங்கை என்னிடம், “அண்ணே, நாலு வருஷம் கட்டின சீட்டுக் காசு அறுபதாயிரம் இருக்கு. அது வெறும் விளையாட்டுக்கா போகணும்?” என்று கேட்டாள். ஆசை பிழையன்று, அளவறியாத செலவே பிழை. எனவே தம்பியை அருகில் அமர்த்தி, அவன் எழுதி வைத்திருந்த பட்டியலை வரி வரியாகப் பார்த்தோம்.

பிராசஸர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. விளையாட்டின் விதிகளையும் பாத்திரங்களின் அசைவுகளையும் கணக்கிடுவது அது. அந்தக் கணக்கைப் படமாக வரைந்து திரைக்கு அனுப்புவது கிராஃபிக்ஸ் கார்டு. சாதாரணத் திரையொன்றில் குறுக்கே 1,920 புள்ளிகளும் நெடுக்கே 1,080 புள்ளிகளும் உள்ளன, மொத்தம் 20,73,600. காட்சி தடையின்றி ஓட, அத்தனை புள்ளிகளையும் வினாடிக்கு 60 முறை வரைய வேண்டும். அதாவது ஒவ்வொரு வினாடியும் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்! ஆகவேதான் விளையாட்டைப் பொறுத்தவரை கார்டுக்குக் கூடுதல் பணமும், பிராசஸருக்கு அதைவிடக் குறைந்த பணமும் ஒதுக்குவது முறை.

தம்பியின் பட்டியலில் இது தலைகீழாக இருந்தது. பிராசஸராக எட்டுக் கருக்கள் கொண்ட ஏ.எம்.டி. ரைசன் 7 5800எக்ஸ் எழுதியிருந்தான். அதனுடன் குளிர்விக்கும் விசிறி வராது. தனியே வாங்க வேண்டும். கார்டாக என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3050, அதிலும் 6 ஜிபி வகை. மேல்தோல் உயர்ந்த தரம், அடிப்பாகம் மட்டம் என்றால் அந்தக் காலணி எத்தனை நாள் உழைக்கும்? இரண்டும் பொருந்த வேண்டும் என்பதை நம் ஊராருக்குச் சொல்லவும் வேண்டுமோ!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற ஒரே பெயரில் இரு சரக்குகள் வந்துள்ளன. 2022-இல் வந்தது 8 ஜிபி நினைவகமும் 2,560 கருக்களும் உடையது. 2024-இல் வந்தது 6 ஜிபி நினைவகமும் 2,304 கருக்களும் மட்டுமே கொண்டது. பெட்டியின் முகப்பில் இரண்டிற்கும் எண் ஒன்றே, வேகம் ஒன்றன்று. ஆகவே எண்ணோடு நின்றுவிடாமல், நினைவகம் எத்தனை ஜிபி என்பதையும் படித்துப் பாருங்கள்.

பிராசஸரின் பெயரில் கடைசி எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல் கோர் ஐ5 12400 என்பதும் 12400எஃப் என்பதும் ஆறு கருக்கள் கொண்டவையே. ஆனால் ‘எஃப்’ உள்ளதில் படம் காட்டும் பகுதி கிடையாது. தனிக் கார்டு இல்லாவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. ‘எஃப்’ வகை விலை சற்றுக் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். கார்டு பழுதாகி உத்தரவாதத்திற்குப் போனால், திரும்பி வரும்வரை பிள்ளையின் படிப்பும் நின்றுவிடுமே!

இந்த ஓர் எழுத்தே எங்களுக்கு வழி காட்டியது. ‘எஃப்’ இல்லாத 12400-ஐ எடுத்துக்கொண்டு, கார்டைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தோம். ஏலகிரி எக்ஸ்பிரஸில் போய், ரிச்சி தெருவில் நான்கு கடைகளில் விலை கேட்டு, திரை உட்பட எல்லாவற்றையும் 48,000 ரூபாய்க்குள் முடித்தோம். நினைவகத்தை 16 ஜிபி ஒன்றாக வாங்காமல், 8 ஜிபி இரண்டாக வாங்கினோம். தனிக் கார்டு இல்லாதபோது இந்த இரட்டை வழி படத்தின் வேகத்தை நன்கு கூட்டும். மீதி 12,000 ரூபாய் தங்கை கைக்கே திரும்பிற்று.

தம்பியின் முகம் சற்று வாடியது மெய்தான். ஆனால் பாடங்கள் அனைத்தும் தடையின்றி நடந்தன. வேலோரண்ட் போன்ற எளிய விளையாட்டுகளும் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தபோது ஓடின. விடுமுறையில் ஒரு கடைக்குக் கணக்குப் பதிவு செய்து கொடுத்து, எட்டு மாதம் கழித்துத் தன் சம்பாத்தியத்திலேயே ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600 கார்டை வாங்கினான். 8 ஜிபி நினைவகம் உடையது. அவனுடைய திரைக்குப் போதுமானது. கார்டின் உச்ச மின்தேவை 132 வாட். மின்சாரம் வழங்கும் பெட்டி குறைந்தது 450 வாட்டாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே பார்த்து வாங்கியிருந்ததால், வேறு செலவு நேரவில்லை.

“பழைய கார்டு பாதி விலைக்குக் கிடைக்கிறதே!” என்று உங்கள் பிள்ளை கேட்கலாம். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்னும் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அதற்காக இரவு பகலாக ஓடிய ஏராளமான கார்டுகள் விற்பனைக்கு வந்தன. பழையது எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கடையிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் மிச்சம் என்று பாருங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். புதியதாயினும், ஜி.எஸ்.டி. ரசீது இல்லாமல் வாங்கிவிட்டுப் பின்னர் உத்தரவாதத்துக்கு அலைய வேண்டாம்.

தாய்மார்களே, தந்தையரே! விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். 2025-இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை விறுவிறுவென ஏறியதைப் பலரும் அறிவீர்கள். புதிய எண்களும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறமாட்டா. எந்த விளையாட்டு? எந்தத் திரை? பிராசஸரும் கார்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? கார்டு இன்றே வேண்டுமா, ஆறு மாதம் கழித்துச் சேர்க்கலாமா? இந்நான்கிற்கும் விடையை ஒரு தாளில் எழுதித் தரும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். அதைச் செய்து முடிப்பதற்குள் அவனே பாதி விவரம் கற்றுக்கொள்வான். உங்கள் உழைப்பின் காசும், இன்ஷா அல்லாஹ், வீணாகாது.