ரஞ்சன்குடியிலிருந்து பச்சைமலை வரை

தை, வியாழன். ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம்

பெரம்பலூருக்கு வடக்கே சுமார் 17 கி.மீ. தொலைவில், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. மாவட்டத்து மலைகளைப் பார்க்கக் கிளம்புவோருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. ஏறுவதற்கு அதிகம் இல்லாத தாழ்ந்த பாறைக்குன்றுதான். ஆனால் மேலே போனதும் சுற்றுவட்டாரம் முழுவதும் விரிகிறது: மக்காச்சோளக் கொல்லை, பருத்திக்காடு, இடையிடையே கல் குவாரிகள். வானம் தெளிந்த காலையில் மேற்கே பச்சைமலை நீலக்கோடாகத் தெரியும்.

கோட்டை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கர்நாடக நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகிர்தார் ஒருவர் கட்டியது. அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று அடுக்கு மதில்கள். கீழ்த்தளத்துக்குப் பேட்டை என்று பெயர், மேல்தளம் கோட்டைமேடு. செதுக்கிய கற்களை இடைவெளி தெரியாமல் அடுக்கியிருக்கும் நேர்த்தியை மதிலருகே நின்றால்தான் உணர முடியும். உள்ளே அரண்மனைச் சிதைவுகள், மசூதி, நிலவறைகள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.

1751இல் இந்தப் பக்கத்தில்தான், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவரில் முகமது அலியை ஆதரித்த ஆங்கிலேயரும் சந்தா சாகிப்பை ஆதரித்த பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆங்கில ஆவணங்களில் அந்தப் போருக்கு வால்கொண்டா என்று பெயர். பக்கத்து ஊரான வாலிகண்டபுரம் வெள்ளைக்காரர் வாயில் பட்ட பாடு அது.

வாலிகண்டபுரத்துக்காரர்கள் சொல்லும் கதை இராமாயணத்தைத் தொடுகிறது. எதிரியின் பலத்தில் பாதியைப் பெறும் வரத்தை வேண்டி வாலி இங்கே சிவனை வழிபட்டானாம். அதனால் இறைவன் வாலீசுவரர், ஊர் வாலிகண்டபுரம். சோழர் காலக் கோயில் இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கிஷ்கிந்தை எங்கே, பெரம்பலூர் எங்கே என்று கேட்பதில் பயனில்லை. இந்த வட்டாரத்தில் பெயர்க்கதை எதை எடுத்தாலும் யாரோ ஒருவர் வெளியூரிலிருந்து வந்து சேர்வார். திருச்சிக்கும் வடக்குக்கும் இடையே படையும் வணிகமும் ஓயாமல் நடந்த வழி இது. கதைகளும் அந்த வழியாகவே வந்திருக்கின்றன.

வெள்ளி. எளம்பலூர், சிறுவாச்சூர்

பெரம்பலூரை அடுத்த எளம்பலூரில் பிரம்மரிஷி மலை. 210 சித்தர்கள் தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. கார்த்திகையில் உச்சியில் தீபம் ஏற்றுகிறார்கள். காலை வெயிலுக்கு முன் ஏறி இறங்கிவிடலாம், நிழல் குறைவு.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். பிற நாட்களில் வருவோருக்குப் பூட்டிய கதவுதான் தரிசனம். பயணத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் முதலில் காதில் விழுவது உலக்கைச் சத்தம். ஊறவைத்த அரிசியைப் பெண்கள் கோயில் வளாகத்திலேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து நெய்விட்டுத் திரிபோட்டு மாவிளக்கு ஏற்றுகிறார்கள்.

ஊரின் ஆதி தெய்வம் செல்லியம்மன். மந்திரவாதி ஒருவன் தன் மந்திரக்கட்டால் அவளை ஏவல்கொண்டிருந்தான். மதுரையை எரித்துவிட்டுச் சினம் ஆறாமல் வந்த காளி இங்கே ஓர் இரவு தங்க இடம் கேட்டாள். கண்ணகியே அவள் என்று சொல்வாரும் உண்டு. செல்லி தன் நிலையைச் சொல்லி அழ, வந்தவள் மந்திரவாதியைக் கொன்றாள். கோயிலை அவளுக்கே விட்டுக்கொடுத்த செல்லி, தனக்கு முதல் மரியாதை வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு பெரியசாமி மலைக்குப் போய்விட்டாள். அந்த வாக்கு இன்றும் காப்பாற்றப்படுகிறது: மலை இருக்கும் திசை நோக்கித் தீபாராதனை காட்டிய பிறகே மதுரகாளிக்குக் காட்டுவார்கள். ஒரு மலைக்கும் ஊருக்கும் உள்ள உறவைப் பூசை முறையே தாங்கி நிற்பது அபூர்வம்.

பெரியசாமி மலை ஊருக்கு மேற்கே நடக்கும் தூரம். அங்கே பெரியசாமி, செல்லியம்மன் ஆகியோரின் உருவங்கள் ஆளை அண்ணாந்து பார்க்கவைக்கும் உயரம். 2021இல் இங்கே சிலைகள் சேதப்படுத்தப்பட்ட செய்தி தமிழகம் முழுவதும் பேசப்பட்டது.

சனி. செட்டிகுளம்

ஆலத்தூர் கேட்டிலிருந்து மேற்கே பிரியும் சாலை செட்டிகுளம் போகிறது. வழிநெடுக சின்ன வெங்காய வயல்கள். அறுவடைக் காலமென்றால், வயலோரத்தில் காற்றுப் புகும்படி படல்கட்டி வெங்காயத்தைச் சேமிக்கும் பட்டறைகளைக் காணலாம்.

ஊர்ப் பெயரின் கதை: கடம்பவனமாக இருந்த இந்த இடத்தில் இரவு தங்கிய செட்டி வணிகன் ஒருவன், மரத்தின் மேலிருந்து பார்க்கையில் ஒளிக்கு நடுவே ஒரு லிங்கத்தையும் அதைத் தேவர்கள் வழிபடுவதையும் கண்டான். மறுநாள் சோழ மன்னனிடம் சொன்னான். விருந்தினனாக வந்திருந்த குலசேகர பாண்டியனும் உடன் வர, காட்டில் லிங்கம் அகப்படவில்லை. கையில் கரும்போடு வந்த ஒரு முதியவர் இடத்தைக் காட்டிவிட்டு மறைந்தார். பிறகு எதிரிலிருந்த குன்றின் மேல் முருகனாகத் தெரிந்தார். கீழே ஏகாம்பரேசுவரர் கோயிலும் மேலே கையில் கரும்பேந்திய தண்டாயுதபாணியும் இருப்பதற்கு இதுவே காரணம் என்கிறது தலபுராணம். குன்றை வடபழனி என்றும் அழைக்கிறார்கள். 200க்கும் மேற்பட்ட படிகள், குழந்தைகளோடும் ஏறலாம். படியேற்றம் மலையேற்றம் ஆகாது என்போர் மறுநாள்வரை பொறுக்க வேண்டும்.

ஞாயிறு. பச்சைமலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு பச்சைமலை. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களுக்குப் பொது. பெரும்பகுதி 500 முதல் 1,000 மீட்டர் உயரம். பக்கத்திலுள்ள கொல்லிமலைக்குக் கொல்லிப்பாவை என்ற மோகினிக் கதை உண்டு. பச்சைமலையின் பெயருக்கு அதன் நிறமே போதுமானதாக இருந்திருக்கிறது. பக்கத்துச் செம்மலையும் நிறத்தால் பெயர் பெற்றதுதான் (இரண்டுக்கும் நடுவே கல்லாற்றின் குறுக்கே விசுவக்குடி அணை இருக்கிறது); மண்ணும் மரமும் காட்டிய நிறத்தையே இங்கே ஊர்வாய் பெயராக்கிக்கொண்டது.

கதை மலைக்கு அல்ல, மலைவாழ் மக்களுக்கு. மலையாளி எனப்படும் இவர்கள் தமிழ் பேசுபவர்கள், கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து, ஆளுக்கொரு மலையாகச் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. யார் எந்த மலைக்கு என்பதில் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். மலைமேல் வண்ணாடு, தென்பறநாடு, கோம்பை, ஆத்திநாடு என்ற பிரிவுகள் இருக்கின்றன. மரவள்ளியும் முந்திரியும் பலாவும் விளைகின்றன.

இந்தக் கதைகளுக்கெல்லாம் வெகு முன்பு, மலைக்குக் கிழக்கே, இன்றைய காரை, சாத்தனூர் வரை, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டார். காரையின் செம்மண் ஓடைகளில் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. கடல் இருந்ததற்கு இந்த ஊர்ப் பெயர்களில் தடயமே இல்லை.

மலைக்குப் போக, துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்குப் பேருந்து உண்டு. சோபனபுரம் வழியாகச் சாலை ஏறுகிறது. பெரம்பலூர் பக்கம் லாடபுரத்தில் மயிலூற்று அருவி. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, தை மாதம் வரை போனால் தண்ணீர் பார்க்கலாம். சித்திரையில் பாறைதான் மிஞ்சும். காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதியும், பாதை தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரும் அவசியம். மழைநாளில் அருவிப் பாறை வழுக்கும், பொழுது சாயும் முன் இறங்கிவிட வேண்டும்.